வேலை முடிந்தது என்று எழுத வேண்டியவர் யார்? வன்னியின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் மதிப்புக்குரிய அரசாங்க அதிபர்களுக்கும், பிரதேச செயலாளர்களுக்கும், பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வன்னியில் அரச பணத்திலோ கொடையாளர் பணத்திலோ கட்டப்படும் எந்த வீட்டுக்கும், முன்பள்ளிக்கும், பொதுநோக்கு மண்டபத்துக்கும் கடைசித் தவணை விடுவிக்கப்படுவதற்கு முன்னர், அந்த வேலையில் எந்தப் பங்கும் இல்லாத, தகுதி பெற்ற ஒரு தொழில்வாண்மையாளர் நேரில் வந்து பார்த்து, வேலை முடிந்திருக்கிறதா இல்லையா என்பதைத் தமது பெயர், பதிவிலக்கம், கையொப்பத்துடன் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்று, அங்கே குடியிருக்கப் போகிறவரின் கையிலும் இருக்க வேண்டும். இதைக் கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் உள்ளூராட்சி மன்றமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நீண்ட காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். அலுவலகத்தில் கோப்பு எப்படி நகரும் என்பதும், வளவில் மேசன்மாரின் வேலை எப்படி நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும் என்பதால், இந்தக் கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கிவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது ஒரு வீடு கோப்பில் "முடிந்த வீடு" ஆகும் விதம் இதுதான். கொந்தராத்துக்காரர் இறுதிப் பில்லைக் கொடுக்கிறார். அத்திவாரம் வெட்டிய நாள் முதல் அந்த வேலையைத் தாமே நடத்திவந்த மேற்பார்வையாளர் வந்து அளவெடுக்கிறார். அந்த அளவுகளை நம்பிப் பொறுப்பதிகாரி சிபாரிசு செய்கிறார். பயனாளியிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. வீட்டின் முன்னால் அவரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் முன்பக்கச் சுவரும் திட்டத்தின் பெயர்ப்பலகையும் விழும், பின்பக்கம் விழாது. "பௌதிக முன்னேற்றம் 100 வீதம்" என்று எழுதி இறப்பர் முத்திரை குத்தியதும் காரியம் முடிந்துவிடுகிறது.

இந்த வரிசையில் கையொப்பமிடும் ஒவ்வொருவருக்கும் வேலை முடிந்ததாக இருப்பதே வசதி. கொந்தராத்துக்காரருக்குப் பணம் வர வேண்டும். மேற்பார்வையாளர் ஒரு குறையை எழுதினால், அது அவருடைய மேற்பார்வையின் குறையாகவே மேலிடத்தில் வாசிக்கப்படும். பொறுப்பதிகாரிக்கு ஆண்டு இலக்கு இருக்கிறது. பயனாளிக்கோ, கையொப்பமிட மறுத்தால் கிடைத்ததும் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். இவர்களை நான் குற்றவாளிகளாக்கவில்லை. இவர்களுள் பலரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன், மிகவும் நேர்மையானவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் நெல் வாங்க வரும் வியாபாரி தன் தராசையே கொண்டுவந்து தானே நிறுத்துத் தானே கணக்குச் சொன்னால், அந்த வியாபாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வன்னி விவசாயி ஒருவர் மனம் ஒப்பமாட்டார். ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் ஒரு தடவை மட்டுமே பெறக்கூடிய வீட்டுக்கு அதைவிடக் குறைந்த காவலே இருப்பது நியாயமாகாது.

காலக்கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசெம்பர் 31 உடன் முடிகிறது. செலவழிக்கப்படாத ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிவிடும். வன்னியின் மாரியோ ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பரில் உச்சத்துக்கு வருகிறது. ஆண்டின் நடுப்பகுதி கடந்த பிறகு அனுமதியும் பணமும் வந்து சேர்ந்து, ஓகஸ்டிலோ செப்டெம்பரிலோ அத்திவாரம் வெட்டப்படும் வேலைகள், கொட்டும் மழைக்குள்ளேயே கொங்கிறீற் போட்டுப் பூச்சுப் பூசி முடிக்கப்படுகின்றன. வழமையான சீமெந்தில் போட்ட கொங்கிறீற்றைக் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் பராமரிக்க வேண்டும், அதன் வலிமையை 28 நாட்கள் கழித்தே கணக்கில் எடுக்கலாம் என்பது எந்த மேசனுக்கும் தெரிந்த பாடம். ஆனாலும் டிசெம்பர் மூன்றாம் வாரத்தில் பில் போக வேண்டும் என்ற நெருக்குதலில் அந்தப் பாடம் ஒதுக்கிவைக்கப்படுகிறது. கூரை ஒழுகுகிறதா, சுவரின் அடி ஈரம் இழுக்கிறதா, வளவில் வெள்ளம் தேங்கி அத்திவாரத்தை அரிக்கிறதா என்பதையெல்லாம் காட்டித்தரும் பருவம் முழுதாகக் கடப்பதற்குள் கணக்கு மூடப்பட்டுவிடுகிறது. 2018 டிசெம்பர் பிற்பகுதியில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்தபோது, எந்த வீடு உண்மையில் முடிந்த வீடு என்பதை ஊரார் எல்லோரும் கண்ணால் கண்டார்கள்.

ஒரு வீட்டைக் கிட்டத்தில் நின்று காட்டுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது. ஊரையும் கட்டுவித்தவர்களையும் குறிப்பிடுவது இந்த மடலின் நோக்கத்துக்குத் தேவையில்லை. இரண்டு பெண் பிள்ளைகளுடன் தனித்து வாழும் தாயொருவருக்குக் கிடைத்த வீடு அது. கையளிக்கப்பட்டு அடுத்த மாரி வந்த பிறகு, அவருடைய உறவினர் கேட்டுக்கொண்டதால் போய்ப் பார்த்தேன். குசினி யன்னலின் மேல் மூலையிலிருந்து சுவர்த்தலை வரை சரிவாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பூச்சைக் கொஞ்சம் சுரண்டியபோது காரணம் தெரிந்தது: யன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் கொங்கிறீற் விட்டமான லிண்டல், ஒரு பக்கச் சுவரில் மூன்று விரலளவுக்குத்தான் ஏறியிருந்தது; அது ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். அறைச் சுவரை விரலால் தட்டினால் பல இடங்களில் வெறுமையான சத்தம். சுவரின் அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை ஈரம் ஏறி, பூசிய சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் போட வேண்டிய ஈரத்தடைப் படை போடப்படவே இல்லை. பின்வளவில் மலக்குழிக்குக் கொங்கிறீற் மூடி இல்லை, ஒரு பழைய தகரம் மூடியிருந்தது. மலசலகூடத்தின் கதவு, பூட்டப்படாமல் வேப்பமரத்தில் சாத்திவைக்கப்பட்டிருந்தது. கோப்பில் அந்த வீடு நூறு வீதம். அந்தத் தாயிடம் இருந்தவை ஒரு வங்கிப் புத்தகமும், எதில் கையொப்பமிட்டோம் என்ற தெளிவற்ற நினைவும் மட்டுமே. "முடிஞ்சுது எண்டு எழுதின ஆள் ஆர் ஐயா?" என்று அவர் கேட்டார். ஒருவரைச் சுட்டிக்காட்டி, இவர்தான், இவரிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பல கையொப்பங்கள் இருந்தன, பொறுப்பாளர் இருக்கவில்லை.

நம் மண்ணில் இதைவிட நல்ல முறைகள் இருந்ததையும் சொல்ல வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் கட்டப்பட்ட வீடுகளில் கணிசமானவை உரிமையாளரே முன்னின்று கட்டிய வீடுகள். உலக வங்கியின் உதவியுடன் நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாவும், 2012 ஒக்டோபரில் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவும், வேலை ஒவ்வொரு மட்டத்தை எட்டியதும் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தை நடைமுறைப்படுத்திய ஐக்கிய நாடுகள் குடியிருப்பு அமைப்பு போன்றவற்றின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு மட்டத்திலும் வந்து பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்பட்டது. அந்தப் பணம் போதாமல் பல குடும்பங்கள் நகையை அடகுவைத்தும் வட்டிக்கு எடுத்தும் கடன்பட்டன என்பது உண்மை. அந்த வேதனையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் மட்டத்துக்கு மட்டம் ஒருவர் வந்து பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும், எழுதியதற்கேற்பப் பணம் நகர்வதும் வன்னிக்குப் புதியவை அல்ல. அந்த ஒழுங்கு, திட்டங்கள் முடிந்ததும் அவற்றோடு சேர்ந்து போய்விட்டது. இனி வரும் எல்லா வேலைகளுக்கும் அது நிரந்தர விதியாக வேண்டும் என்றே கேட்கிறேன்.

முடியாத வேலைக்கும் இந்த உறுதிப்படுத்தல் வேண்டும். முடிந்த வேலையைவிட அதிகமாகவே வேண்டும். 2018, 2019 ஆண்டுகளில் தொடங்கப்பட்ட வீடமைப்புத் திட்டங்களில், 2019 இறுதியில் ஆட்சி மாறிய பிறகு தவணை நின்றுபோய், பல குடும்பங்கள் அத்திவாரத்தோடும் கூரையில்லாத சுவரோடும் விடப்பட்டன. இருந்த தற்காலிகக் கொட்டிலைப் பிரித்துவிட்டு வீடு கட்டத் தொடங்கியவர்கள், அந்த அரைச் சுவருக்கு மேல் படங்கு கட்டிக்கொண்டு மாரியைக் கழித்தார்கள். 2022இல் பொருளாதாரம் சரிந்து, ஒரு பை சீமெந்தின் விலை மூவாயிரம் ரூபாவை எட்டியபோது, எஞ்சிய வேலையைச் சொந்தமாக முடிக்கும் வழியும் அடைபட்டது. இவர்களுக்கு மிகுதிப் பணம் எவ்வளவு என்ற கேள்வி வரும்போதெல்லாம், வேலை எந்த மட்டத்தில் நின்றது, அதுவரை என்ன செலவு பெறும் என்பதைத் திகதியோடு சொல்லும் ஒரு சுயாதீனமான பத்திரம் இல்லாததால், ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு கணக்கைச் சொல்கிறது. நின்ற அன்றே ஒரு தொழில்வாண்மையாளர் அளந்து எழுதியிருந்தால், அந்தக் காகிதம் ஆட்சி மாற்றத்தையும் அதிகாரி மாற்றத்தையும் தாண்டி அந்தக் குடும்பத்தின் உரிமையைக் காப்பாற்றியிருக்கும். இன்னும் அப்படியே நிற்கும் வீடுகளுக்கு இப்போதாவது இதைச் செய்யுங்கள். புதிய இலக்குகளை அறிவிப்பதற்கு முன்னர் இதைச் செய்வதே முறை.

கடைசி நாளில் மட்டும் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுவதால் பயன் குறைவு என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். கட்டி முடிந்த வீட்டில் முக்கியமான வேலைகள் பலவும் மறைந்துவிடுகின்றன. அத்திவாரம் எத்தனை அடி ஆழம், எந்த மண்ணில் நிற்கிறது, தூணுக்குள் எத்தனை கம்பி போயிருக்கிறது, கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையில் போதிய கொங்கிறீற் உண்டா, கரையோரத்து உப்பு மணல் கலக்கப்பட்டதா என்பவற்றை, பூச்சும் வர்ணமும் ஏறிய பின்னர் எவ்வளவு பெரிய பொறியியலாளரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவையும் ஒரு மதிப்பீட்டைத்தான் தரும். உப்பினால் உள்ளே கம்பி துருப்பிடித்து வெடிப்பது வெளியே தெரிய வருடங்கள் எடுக்கும். ஆகவே அத்திவாரக் கிடங்கு வெட்டியதும், ஈரத்தடை போட்டதும், லிண்டல் மட்டத்தில் கம்பி கட்டியதும், கூரை ஏறியதும் என நான்கு இடங்களிலாவது, அடுத்த வேலை அதை மூடுவதற்கு முன்னர், ஒருவர் வந்து பார்த்து எழுத வேண்டும். இறுதி அறிக்கை இவற்றின் மேல்தான் எழும்ப முடியும்.

வன்னி முழுவதும் ஒரே மண் என்று எண்ணி ஒரே வரைபடத்தைக் கொடுப்பதும் இதனோடு சேர்ந்த பிரச்சினை. முருங்கன் பக்கத்துக் களிமண், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டதால் நாடறிந்தது. அது மழையில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். அந்த மண்ணில், செம்மண் நிலத்துக்கு வரைந்த அத்திவாரத்தை அப்படியே வைத்தால், மேசன் எவ்வளவு சிரத்தையாகக் கட்டினாலும் சுவர் வெடிக்கும். வரைபடத்தின்படி அளந்து சரிபார்ப்பவர் அங்கே எல்லாம் சரி என்றே எழுதுவார். மண்ணையும் பார்த்து, இந்த வரைபடம் இந்த வளவுக்குப் பொருந்தாது என்று எழுதும் துணிவும் படிப்பும் அதிகாரமும் உள்ளவரே வேண்டும். அந்தத் துணிவு, அவருடைய சம்பளமும் இடமாற்றமும் அதே திட்டத்தின் கையில் இருக்கும்போது வருவது அரிது.

சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்தே, கட்டி முடிந்த கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்துக்கு அமைவாக இருக்கிறது என்று உள்ளூராட்சி மன்றம் சான்று தரும் வழக்கம் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் திருத்தங்களும், அச்சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசங்களில் அந்த அமைவுச் சான்றிதழ் இல்லாமல் கட்டடத்தைப் பயன்படுத்தலாகாது என்கின்றன. வங்கிக் கடனுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சான்றிதழின் அருமை தெரியும். ஆனால் நான் சென்று பார்த்த திட்ட வீடுகளில் அதை வைத்திருந்தவர்களைக் காண்பது அரிதாகவே இருந்தது. திட்டம் கட்டிய வீடு, அதற்கு எதற்கு என்ற எண்ணமே எங்கும் இருக்கிறது. அந்தச் சான்றிதழின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும்: வீதியிலிருந்தும் எல்லையிலிருந்தும் விட வேண்டிய இடம், யன்னல் அளவு, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட தூரம் போன்றவற்றையே அது பெரும்பாலும் பார்க்கிறது, கொங்கிறீற்றின் தரத்துக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. சபைகளில் இருக்கும் ஓரிரு தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், வீதி, வடிகால், சந்தை, மயானம் என எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கரைச்சி, மாந்தை கிழக்கு போன்ற பரந்த பிரதேசங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு தடவை போக முடியாது என்பதை அனுபவத்தில் அறிவேன்.

வேறு இடங்களில் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்திருக்கிறார்கள் என்பதிலும் நமக்கு உதவக்கூடியவை உண்டு. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீடு வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 வீதத்தைக் கட்டுநர் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வேலை எவ்வளவு வளர்ந்ததோ அந்த அளவுக்கே, ஒரு பொறியியலாளரும் ஒரு கட்டடக் கலைஞரும் ஒரு பட்டயக் கணக்காளரும் சான்றளித்த பின்னரே, அதிலிருந்து எடுக்க முடியும். இங்கிலாந்தில், 2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரத்தில் மூண்ட தீயில் 72 பேர் இறந்த பிறகு நடந்த விசாரணைகளின் தொடர்ச்சியாக 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்களைக் கட்டுவோர் தம்மைப் பரிசோதிப்பவரைத் தாமே தெரிவுசெய்யும் வழி அதன் கீழ் அடைக்கப்பட்டது. அங்கே அத்தனை உயிர்கள் போன பிறகு எட்டிய முடிவை, நாம் ஒரு சுற்றறிக்கையால் எட்டிவிடலாம்: பார்வையிடப்படுகிறவர், பார்வையிடுகிறவரைத் தெரிவுசெய்யக் கூடாது.

இந்த இடத்தில் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து ஊரில் வீடு கட்டுவிக்கும் நம்மவர்களையும் நினைக்கிறேன். அவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு வேலை முடிந்ததற்குச் சாட்சி வட்ஸ்அப்பில் வரும் காணொளிதான். எடுப்பவர் காட்டுவதையே அது காட்டும். மச்சானோ சித்தப்பாவோ நின்று பார்க்கிறார் என்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் கம்பியின் விட்டமும் சாந்தின் கலவையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. குறை தெரிந்தாலும் உறவு முறிந்துவிடும் என்று அவர் சொல்லாமல் விடுவார். கொந்தராத்துக்காரர் அறிமுகப்படுத்தாத ஒரு பட்டயப் பொறியியலாளரையோ, வேலையின் அளவையும் செலவையும் கணிக்கும் கணிய அளவையாளரையோ, முதற் தவணை அனுப்புவதற்கு முன்பே நியமித்து, அவருக்கான கட்டணத்தை நேரடியாகத் தாமே செலுத்தி, அவருடைய அறிக்கை வந்த பிறகே ஒவ்வொரு தவணையையும் அனுப்புவார்களானால், காசும் மிஞ்சும், சொந்தமும் மிஞ்சும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டம் பொறியியல் தொழில் செய்வோரைப் பதிவுசெய்ய வழிவகுத்திருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்தகாரர்களைத் தரப்படுத்துகிறது. இருவருடைய பதிவையும் கேட்டுப் பார்ப்பது அவமரியாதை ஆகாது.

ஆட்கள் எங்கே என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. குடிசார் பொறியியல் கற்ற பட்டதாரிகள் ஒவ்வொரு வருடமும் அங்கிருந்து வெளியேறுகிறார்கள். அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் நிர்மாணத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. கட்டடங்கள் திணைக்களத்திலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் மாகாண சபையிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள் நான்கு மாவட்டங்களிலும் வாழ்கிறார்கள்; அழைத்தால் பலர் வருவார்கள், நானும் வருவேன். மாவட்டச் செயலகம் தோறும் இவர்களைக் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து, மூத்தவர் ஒருவரின் பொறுப்பில் இளையவர்களையும் சேர்த்து, எந்த வேலைக்கு எவர் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால், எவரும் எவரையும் முன்கூட்டியே கண்டு பேச முடியாது. ஒருவர் தாம் வசிக்கும் பிரதேச செயலர் பிரிவுக்குள் போகாதிருப்பதும் நல்லது. அவர்களுக்கான கட்டணம் மதிப்பீட்டிலேயே ஒரு தனி உருப்படியாக எழுதப்பட்டு, மாவட்டச் செயலகத்தால் நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும். கொந்தராத்துக்காரரின் பில்லுக்குள் அது நுழையவே கூடாது.

செலவு கூடுமே என்பது அடுத்த கேள்வி. கூடும்தான். ஆனால் இப்போதும் அந்தச் செலவு இல்லாமல் இல்லை. அதை ஐந்து வருடம் கழித்து, கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், வெடித்த சுவருக்குச் சீமெந்துப் பை வாங்கிக் கொடுக்கிறார். அரச ஒப்பந்தங்களில், கட்டி முடிந்த பின் தெரியவரும் குறைகளைக் கட்டியவரே திருத்திக்கொடுக்க வேண்டிய பழுதுப் பொறுப்புக் காலத்துக்கென ஒப்பந்தத் தொகையில் 5 வீதம் வரை தடுத்துவைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. வன்னியில் அந்தக் காலத்தை நாட்காட்டியின்படி எண்ணாமல், கட்டடம் முழுமையாக ஒரு மாரியைக் கண்டிருக்க வேண்டும் என்று விதித்து, தை பிறந்த பின்னர் அதே சுயாதீனப் பரிசோதகர் இரண்டாம் முறை வந்து பார்த்த பிறகே தடுத்துவைத்த பணத்தை விடுவிக்குமாறு கேட்கிறேன். நேர்மையாகக் கட்டியவருக்கு இதனால் நட்டம் வராது. நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் ஒரே நாளில் ஒரே பணம் கிடைப்பதால், தொழிலை மதிக்கும் மேசன்மாரும் சிறு ஒப்பந்தகாரர்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் குறைந்த விலை கேட்பவர்களிடம் தோற்றுப்போவது நிற்கும். அவர்களுக்காகவும் நான் பேசுகிறேன்.

அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "100 வீதம்" என்ற சொற்றொடர் அதில் இடம்பெறக் கூடாது. மதிப்பீட்டில் உள்ள ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே, "பார்த்தேன், முடிந்திருக்கிறது", "பார்த்தேன், முடியவில்லை", "மூடப்பட்டிருப்பதால் பார்க்க முடியவில்லை" என்ற மூன்றில் ஒன்று எழுதப்பட வேண்டும். மூன்றாவது வகைதான் மிக முக்கியமானது, ஏனென்றால் இன்று பார்க்காததும் பார்த்ததாகவே எழுதப்படுகிறது. பின்பக்கமும் மலசலகூடமும் கூரையின் உட்புறமும் தெரியும் படங்கள், எடுத்த திகதியுடன் இணைக்கப்பட வேண்டும். பரிசோதகர், வீட்டுக்காரர் முன்னிலையில் ஒவ்வொரு அறையாக நடந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து பூட்டி, கூரையில் ஒரு வாளி தண்ணீராவது ஊற்றிப் பார்த்து, கண்டதை அவருக்கு விளங்கும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்காரருக்கு மாற்றுக் கருத்து இருந்தால், அதை எழுதவும் அதே தாளில் இடம் விடப்பட வேண்டும். அப்படி எழுதியதற்காக அவருக்குக் கிடைக்க வேண்டிய எதுவும் தாமதமாகாது என்ற வாசகம் படிவத்திலேயே அச்சிடப்பட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமது வீட்டின் மதிப்பீட்டையும் அளவெடுப்புத் தாளையும் இறுதிப் பில்லையும் கேட்டுப் பெறும் உரிமை இலங்கைக் குடிமக்கள் எவருக்கும் இருக்கிறது. அதற்கான முடிவை 14 வேலை நாட்களுக்குள் அலுவலகம் அறிவிக்க வேண்டும். நான் சொன்ன அந்த முல்லைத்தீவுத் தாயும் இப்போது விண்ணப்பித்திருக்கிறார். ஆனால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரின் துணை கிடைத்தவர் மட்டும் தன் வீட்டின் கோப்பைக் காணலாம் என்ற நிலையை நீங்கள் விரும்பமாட்டீர்கள். கேட்காமலே கொடுக்கும் ஒழுங்கை ஏற்படுத்துங்கள்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசாங்க அதிபர்கள் தத்தமது மாவட்டங்களில் பரிசோதகர் பட்டியலைத் தொடங்கலாம். பிரதேச செயலாளர்கள் இறுதிப் பில்லுடன் சுயாதீன அறிக்கையும் இணைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கலாம். பிரதேச சபைகள், திட்ட வீடுகளுக்கும் அமைவுச் சான்றிதழ் வழங்கத் தீர்மானம் நிறைவேற்றி, வறிய குடும்பங்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தைச் சேர்க்குமாறும், அந்தக் கூட்டங்களுக்குப் பயனாளிகள் சார்பில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் பிரதிநிதிகளையும் அழைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இவ்வருட ஒதுக்கீட்டில் கட்டப்படும் வீடுகளுக்கு மாரிக்கு முன் லிண்டல் மட்டப் பரிசோதனையையாவது தொடங்க வேண்டுமானால், அந்த முடிவு ஓகஸ்ட் மாதத்துக்குள் எடுக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.